ஜெரோம், அரிசோனா: மலை ஏறுவது முதல் இறங்குவது வரை ஒரு நாள் வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலரும் பக்கத்து மலையூரான ஜெரோமை 'வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டு' வருவதாகத்தான் திட்டம் போடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்கிறார்கள். பார்க்கிங் தேடி ஊரை மூன்று சுற்று சுற்றுகிறார்கள். நாலு செல்ஃபி, ஒரு ஐஸ்கிரீம், அவ்வளவுதான் என்று இறங்கிவிடுகிறார்கள். ஊரில் குறை இல்லை, போன வரிசைதான் தப்பு.

ஜெரோம் மிங்கஸ் மலையின் கிழக்குச் சரிவில், சுமார் 5,000 அடி உயரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். 1953-ல் செப்புச் சுரங்கம் மூடப்பட்டதும் ஏறக்குறைய காலியானது. பிறகு ஓவியர்களும் மட்பாண்டக் கலைஞர்களும் அந்தக் கட்டடங்களில் குடியேறினார்கள். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 464. இவ்வளவு சிறிய ஊருக்கு வார இறுதியில் ஒரே நேரத்தில் கூட்டம் குவிகிறது என்பதை மனதில் வைத்தால் கீழே சொல்லும் வரிசைக்குக் காரணம் புரியும்.

1. கிளம்புமுன் ஒரு முடிவு: மலையைத் தாண்டுவதா, மாலை வெயிலுக்கு நிற்பதா?

இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்ப்பதுதான் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

ஊர் கிழக்கே பார்த்து இருக்கிறது. காலையில் வெயில் கட்டடங்களின் முகத்தில் விழும். ஆனால் கிழக்கே தெரியும் வெர்டே பள்ளத்தாக்கும் செடோனாவின் செம்பாறைகளும் எதிர்வெயிலில் மங்கலாக இருக்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் ஊர் நிழலுக்குள் வந்துவிடும். எதிரே செம்பாறைகள் மட்டும் வெயிலில் எரியும். அந்தக் காட்சிக்காக இருட்டும் வரை நின்றால், அப்புறம் மிங்கஸ் மலையைத் தாண்டி பிரெஸ்காட் பக்கம் போவது சரிவராது. இருட்டில் வளைவுகள், மான் குறுக்கே வரும் ரோடு, போன் சிக்னலும் விட்டு விட்டு வரும்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மலைச் சாலை வேண்டும் என்றால் ஜெரோமிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பி பிரெஸ்காட் வழியாக வீடு திரும்புங்கள். மாலைக் காட்சி வேண்டும் என்றால் வந்த வழியே அடிவாரத்து ஊரான காட்டன்வுட்டுக்கு இறங்குங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வயதானவர்களோ வாந்தி வரும் குழந்தைகளோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

2. நாளும் நேரமும்

செவ்வாய், புதனில் கூட்டம் குறைவு. ஆனால் சில கேலரிகள் அந்த நாட்களில் விடுமுறை விடும். வியாழன் அல்லது வெள்ளி இரண்டுக்கும் நடுவில் சரியாக வரும். சனி, ஞாயிறுதான் முடியும் என்றால் காலை பத்து மணிக்கு முன் ஊரில் இருக்க வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை 'ஆர்ட் வாக்' நடக்கும். கேலரிகள் திறந்திருக்கும், கலைஞர்களிடமே பேசலாம். அன்று ஊரிலோ கீழே காட்டன்வுட்டிலோ இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து சுமார் 110 மைல், இரண்டு மணி நேரம். செடோனாவிலிருந்து முக்கால் மணி. நேவடாவிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரிசோனாவில், நவஹோ நிலப்பகுதி நீங்கலாக, கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் குறையும், கோடையில் குறையாது.

மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல மாதங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மழையும் வரும், அதனால் நடக்க வேண்டியதை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் மிங்கஸ் உச்சியில் பனி விழும். கிளம்பும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 சேவையில், ஜெரோமுக்கு ஏறும் 89ஏ சாலையின் நிலையைப் பாருங்கள். ஃபீனிக்ஸில் அரைக்கைச் சட்டையோடு ஏறி, மேலே நடுங்குகிறவர்களைப் பார்க்காத டிசம்பர் இல்லை. இரண்டு ஊருக்கும் இடையே 15 முதல் 20 டிகிரி பாரன்ஹீட் வரை வித்தியாசம் இருக்கும்.

3. காட்டன்வுட்டில் முடிக்க வேண்டியவை

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, எக்சிட் 287-ல் இறங்கி, 260ஆம் எண் சாலையில் காட்டன்வுட். மலை ஏறுமுன் எல்லா வசதியும் உள்ள கடைசி ஊர் இதுதான்.

பெட்ரோல் இங்கே நிரப்புங்கள். மேலே கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்ரூம் வேலையை முடியுங்கள். குழந்தைகள் 'இப்போ வேண்டாம்' என்று சொன்னாலும் இறக்கிக் கூட்டிப் போங்கள்.

வளைவில் தலைசுற்றும் ஆள் இருந்தால் மாத்திரையை இங்கே வருமுன்பே, ஏற்றத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்பாகவே கொடுத்திருக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அந்த ஆளை முன் சீட்டுக்கு மாற்றி, போனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். வாடகை வண்டி என்றால் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு நம்பர் பார்க்கத் திரும்ப ஓடுவது மலையூரில் லேசான வேலை இல்லை.

4. ஏற்றம்

காட்டன்வுட்டிலிருந்து கிளார்க்டேல் வழியாக 89ஏ சாலை ஏறுகிறது. சில மைல் தூரத்திலேயே 1,500 அடிக்கு மேல் உயரம் கூடிவிடும். கொல்லிமலை ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே பழகிய இரண்டு வழக்கங்களை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஒன்று, ஹாரன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவருக்கு எச்சரிக்கையாகப் படாது, திட்டுவதாகத்தான் படும். இரண்டு, வளைவில் நடுக்கோட்டைத் தொட்டு விரிவாகத் திரும்புவது. வார இறுதியில் இந்தச் சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மிகவும் பிடித்த சாலை. சிலர் எதிர்ப்பக்கமிருந்து கோட்டை ஒட்டியே சாய்ந்து வருவார்கள். உங்கள் தடத்தின் வலது பாதியில் ஓட்டுங்கள்.

மெதுவாகப் போவதில் தப்பில்லை. ஆனால் பின்னால் ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அரிசோனா சட்டம். அவசரப்படுத்துகிறார்களே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்கள்தான் வளைவில் தடுமாறுகிறார்கள். ஒதுங்கிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது அரிசோனாவில் குற்றம். வீடியோ எடுப்பதைப் பக்கத்து சீட்டிடம் விட்டுவிடுங்கள். நீளமான மோட்டார் வீடும் (ஆர்.வி.) டிரெய்லரும் இந்தச் சாலைக்கு ஏற்றவையே அல்ல. அவற்றை அடிவாரத்தில் விட்டுவிட்டுச் சிறிய வண்டியில் ஏறுங்கள்.

5. ஊருக்குள் நுழையுமுன் நிற்க வேண்டிய இடங்கள்

முக்கால்வாசிப் பேர் நேராக மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கீழேயே சொந்தப் பார்க்கிங்கோடு இருக்கும் இடங்களை முதலில் முடித்துவிட வேண்டும். மேலே ஒரு தடவை இடம் பிடித்துவிட்டால் வண்டியை எடுக்க மனம் வராது, எடுக்கவும் கூடாது.

முதலில் டக்ளஸ் ரோடு திருப்பம். அதன் முடிவில் 1916-ல் கட்டிய டக்ளஸ் மாளிகை இருக்கிறது. இப்போது அது ஜெரோம் மாநில வரலாற்றுப் பூங்கா. கட்டணம் உண்டு. உள்ளே ஊரையும் அதன் அடியில் ஓடும் சுரங்கப் பாதைகளையும் காட்டும் முப்பரிமாண மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மேலே இருக்கும் தெருக்களைவிட அடியில் தோண்டிய வழிகள்தான் அதிகம் என்பது கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். பிறகு ஊருக்குள் சாய்ந்த சுவரையும் தெருவில் தனியே நிற்கும் படிக்கட்டையும் பார்க்கும்போது ஏன் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

அதே சாலையில் ஆட்ரி ஹெட்ஃப்ரேம். 1918-ல் எழுப்பிய மரக் கோபுரம் அது, ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கியது. சுரங்கக் குழியின் வாயில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அதன்மேல் ஏறி நிற்கலாம். குழியின் ஆழம் 1,900 அடி. காலுக்குக் கீழே விளக்கு வெளிச்சம் விழும் வரை சுவரின் மரச்சட்டங்கள் தெரியும், அதற்குக் கீழே வெறும் கறுப்பு. உயரம் என்றால் பயப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்தி ஏற்ற வேண்டாம், ஓரத்திலிருந்து பார்த்தாலே போதும்.

அடுத்தது பழைய ஜெரோம் உயர்நிலைப் பள்ளி. இதுவும் 89ஏ சாலையிலேயே, கடைத்தெருவுக்குக் கீழே வரும். வகுப்பறைகள் இப்போது கலைஞர்களின் ஸ்டுடியோக்கள். மேலே கடைகளில் பார்ப்பது முடிந்த பொருள், இங்கே பார்ப்பது வேலை நடக்கும் மேசை. கதவு திறந்திருந்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். மூடியிருந்தால் தட்டாதீர்கள், வேலையாக இருப்பார்கள்.

6. பார்க்கிங்: ஒரே தடவை, முதலில் கிடைத்த இடத்தில்

கடைத்தெருவில் மெயின் ஸ்ட்ரீட்டும் ஹல் அவென்யூவும் ஒருவழிப் பாதைகள். 'இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கிடைக்கும்' என்று ஒரு இடத்தை விட்டால் ஊரைச் சுற்றித்தான் திரும்ப வர வேண்டும். அதற்குள் அந்த இடம் போயிருக்கும். முதலில் கண்ணில் பட்ட காலி இடத்தில் விடுங்கள். ஊரே அரை மைலுக்குள் அடங்கிவிடும்.

பெரியவர்களோடு போனால் அவர்களை முதலில் கடைத்தெருவின் நடுவில் இறக்கிவிட்டு, ஒருவர் துணைக்கு இருக்க, அப்புறம் போய்ப் பார்க் செய்யுங்கள். தூரம் குறைவுதான், ஆனால் சரிவு முழங்காலைப் பிடிக்கும். சுற்றிப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்த அம்மா அப்பாவைப் பார்க்கிங்கிலிருந்து நடத்தியே கூட்டி வந்துவிட்டு, பாதியில் 'நாங்க இங்கயே உக்காந்துக்கறோம், நீங்க போயிட்டு வாங்க' என்று அவர்கள் சொன்ன பிறகு முழிக்கும் குடும்பங்கள் நிறைய.

கட்டணப் பகுதியில் இயந்திரத்தில் பணம் கட்டும்போது நினைப்பதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே கட்டுங்கள். நேரம் முடிகிறதே என்று கேலரியில் பாதியில் ஓடிவருவது அந்தச் சில டாலருக்குத் தகாது. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்தை ஓரத்துப் பக்கமாகத் திருப்பி வையுங்கள்; ஏற்றம் பார்த்து நிறுத்தி, ஓரத்தில் கட்டை இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். வீட்டு வாசல்களை மறைக்காதீர்கள். காட்சிப் பொருளாக நமக்குத் தெரிகிற வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

7. நடக்கும் வரிசை

தெம்பு இருக்கும்போது மேலே ஏறி, அப்புறம் இறங்கி வாருங்கள். கீழிருந்து கடை கடையாக ஏறினால் மேலே போகும்போது கால் ஓய்ந்து, கை நிறையப் பையும் இருக்கும்.

உச்சியில் ஜெரோம் கிராண்ட் ஹோட்டல். 1926-27 காலத்தில் சுரங்க நிறுவனம் கட்டிய மருத்துவமனை இது. 1950-ல் மூடப்பட்டு, 1996-ல் ஹோட்டலானது. பேய்க் கதைகள் தனி வியாபாரம், பிடித்தால் கேளுங்கள். நான் அங்கே போகச் சொல்வது காட்சிக்காகத்தான். வானம் தெளிவாக இருந்தால் பள்ளத்தாக்கு முழுவதும், செம்பாறைகளும், அவற்றுக்குப் பின்னால் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துச் சிகரங்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். போக மனம் இருந்தும் காலில் தெம்பு இல்லாதவர்களை வண்டியிலேயே அங்கே கூட்டிப் போய், அப்புறம் கீழே பார்க் செய்யலாம்.

அங்கிருந்து தெருவழியாகவும் படிக்கட்டுகள் வழியாகவும் கடைத்தெருவுக்கு இறங்குங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் பார்ட்லெட் ஹோட்டலின் இடிபாடு இருக்கிறது. கம்பிக்குப் பின்னால், கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே துருப்பிடித்த பழைய கழிப்பறைச் சாமான்கள் கிடக்கும். வருகிறவர்கள் அதில் பட வேண்டும் என்று காசு எறிவார்கள். பட்டால் 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேரும் காசு ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குப் போகிறது. குழந்தைகளுக்காகக் கொஞ்சம் சில்லறை எடுத்துப் போங்கள், அங்கிருந்து அவர்களை நகர்த்துவதுதான் பாடு.

ஹல் அவென்யூ பக்கம் சறுக்கிய சிறைச்சாலை. சுரங்க வெடிகளால் மண் நகர்ந்து, இந்தச் சிறை இருந்த இடத்திலிருந்து சுமார் 225 அடி கீழே சறுக்கிவிட்டது. முதலில் பூங்காவில் அந்த மாதிரியைப் பார்த்திருந்தால் இதைப் பார்க்கும்போது சுவாரசியம் இரட்டிப்பாகும். பார்க்காமல் வந்தால் உடைந்த காங்கிரீட் பெட்டி.

வேலி போட்ட இடத்தைப் போட்டோவுக்காகத் தாண்ட வேண்டாம். பழைய சுரங்கக் குழிகளின் மேல்மண் எங்கே உறுதி, எங்கே இல்லை என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கோடையில் கற்குவியலுக்குள் பாம்பும் இருக்கும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தள்ளுவண்டிக்குப் பதில் குழந்தையைச் சுமக்கும் பையே மேல்.

8. கேலரிகளில்

வேகமாக எல்லாக் கடையையும் பார்த்து முடிப்பது நோக்கமாக இருந்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மூன்று கடையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

தொடங்க நல்ல இடம் பழைய ஹோட்டல் ஜெரோம் கட்டடத்தில் இருக்கும் கலைஞர் கூட்டுறவு கேலரி. உறுப்பினர்களான கலைஞர்களே முறைவைத்துக் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். 'இங்கே இருப்பதில் உங்களுடையது எது?' என்று கேளுங்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக நீளும். எந்தப் பொருள் உள்ளூரில் செய்தது, எது வெளியிலிருந்து வாங்கி விற்பது என்று பிரித்தறியவும் இந்தப் பேச்சு உதவும்.

நெல்லி பிளை என்ற கடை கலைடாஸ்கோப்புக்குப் பேர்போனது; சுழற்றினால் உள்ளே கண்ணாடித் துண்டுகள் வண்ணக் கோலம் காட்டும் குழாய் அது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடியுங்கள், வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்புங்கள், மெதுவாகச் சுழற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் கண்ணாடித் துண்டுகள் விழுந்து அமரும் அந்த ஒரு கணம் தப்பிப்போகும். குழந்தையிடம் கொடுக்குமுன் விலைச்சீட்டைப் பார்த்துவிடுங்கள். சில கருவிகள் நகை விலைக்கு வரும்.

போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். மறுத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, அது அவர்களுடைய வடிவமைப்பு. மட்பாண்டம் வாங்கினால் விமானத்தில் போவதைச் சொல்லிக் கட்டித் தரச் சொல்லுங்கள். பெரிதாக இருந்தால் அஞ்சலில் அனுப்புவார்களா என்று கேளுங்கள். சீட்டில் போட்ட விலைக்கு மேல் விற்பனை வரி சேரும்.

முதல் சுற்றிலேயே வாங்கிச் சுமக்காதீர்கள். பிடித்ததைக் குறித்துக்கொண்டு கடைசியில் வந்து வாங்குங்கள். ஆனால் கேலரிகள் பல ஐந்து, ஆறு மணிக்கே மூடிவிடும். 'சாப்பிட்டுவிட்டு வரலாம்' என்று போனால் கதவில் பூட்டு தொங்கும்.

9. சாப்பாடு

பதினொன்றரைக்கு முன்னால் அல்லது இரண்டரைக்குப் பின்னால். நடுவில் போனால் வரிசை. பெரும்பாலும் பர்கர், சாண்ட்விச், பார்பிக்யூ. சைவக்காரர்கள் மெனுவை முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது. கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தால் மாநிலப் பூங்காவின் மேசைகளில் சாப்பிடுங்கள், காட்சியும் சேர்ந்து கிடைக்கும்.

மலையில் ஒயின் சுவைக்கும் கடைகளும் உண்டு. ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். இறங்குவதும் அதே வளைவுகளில்தான்.

10. இறங்கும் வழி

வந்த வழியே இறங்குவதானால் ஊரைவிட்டுக் கிளம்பியதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது கையால் கியர் மாற்றும் நிலை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் கிளார்க்டேல் வருமுன்பே கருகிய வாடை வரும். வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மிங்கஸைத் தாண்டுவதானால் ஜெரோமுக்கு மேல் சாலை 7,000 அடி வரை ஏறி, பைன் காட்டுக்குள் புகுந்து, பிரெஸ்காட் வேலி (Prescott Valley) என்ற ஊர்ப்பக்கம் இறங்கும். கணவாயைத் தாண்டியதும் பிற்பகல் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், கூலிங் கிளாஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அங்கிருந்து 69ஆம் எண் சாலையில் கார்டஸ் ஜங்ஷன், பிறகு ஐ-17.

ஞாயிறு மாலை ஃபீனிக்ஸ் நோக்கிய ஐ-17 நெரியும். நீங்கள் எந்த வழியாக இறங்கினாலும் கடைசியில் அந்த நெரிசலில்தான் வந்து சேர்வீர்கள். காட்டன்வுட்டிலோ பிரெஸ்காட்டிலோ இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் நெடுஞ்சாலை ஏறினால் பசியோடு பிரேக் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.